மாடிக்குக் குடிவந்த பெட்டிகள்

எங்கள் வீட்டு மாடியைக் கேட்டு அவன் வந்தபோது எனக்கு அவன்மேல் ஒரு சந்தேகமும் வரவில்லை. சந்தேகப்படுவதற்கென்று அப்போது எங்கள் தெருவில் வேறு ஆட்கள் இருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் ஜீப்பு ஓட்டுகிறார். காலையில் போடியிலிருந்து ஏலத் தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாகக் கேரளப் பக்கம் போவார், சாயங்காலம் கொண்டுவந்து இறக்குவார். நான் சிலமலையில் தொடக்கப் பள்ளி ஆசிரியை. எங்களுக்கு ஒரே மகன், ராணுவத்தில் இருக்கிறான். அவன் கல்யாணத்தை நினைத்துத்தான் மாடியைக் கட்டினோம். கல்யாணம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது, மாடி பூட்டிக் கிடந்தது.

அது எல்லையில் பதற்றம் கூடியிருந்த நேரம். டிவியைப் போட்டால் ஆளில்லாத விமானங்கள் இருட்டில் பறப்பதையும், எங்கோ தீப்பிழம்பு எழுவதையும் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். மகனிடமிருந்து போன் வராத நாட்கள் இருந்தன. எங்கள் ஊருக்கும் எல்லைக்கும் இந்தியாவின் நீளம் முழுக்க இடைவெளி என்றாலும், அந்த பயம் எப்படியோ மலையேறி வந்துவிட்டது. மெட்டுச் சோதனைச் சாவடியில் ஜீப்பை நிறுத்தி, அடியில் கண்ணாடியை நீட்டிப் பார்த்தார்கள். தோட்டத்துக்குப் போகும் பெண்களின் தூக்குவாளியைத் திறந்து பார்த்தார்கள். சுற்றுலா வந்த யாரோ மலைச்சரிவில் டிரோன் பறக்கவிட, காய் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு மரத்தடிக்கு ஓடினார்களாம். பொட்டிபுரத்துப் பக்கம் வெளியூர் வண்டி ஒன்று நின்றாலே நாலு பேர் போய் விசாரித்தார்கள்.

எங்கள் தெருவில் அந்த விசாரணை கம்பளிக்காரர் மேல் விழுந்தது. வடக்கேயிருந்து வருடா வருடம் வருகிறவர். மலைத் தோட்டத்துக் குளிருக்குக் கம்பளியும் ஸ்வெட்டரும் தோளில் சுமந்து விற்பார். அரைகுறைத் தமிழில் என்னை "அக்கா" என்று கூப்பிடுவார். அந்த வருடம் அவரைச் சுற்றி நின்றுகொண்டு மூட்டையை அவிழ்க்கச் சொன்னார்கள்.

மாடிக்குக் குடிவந்து சில வாரங்களே ஆகியிருந்த அவன்தான் அன்று முன்னால் நின்றான். அவருடைய ஆதார் அட்டையை வாங்கித் தன் போனில் படம் பிடித்துக்கொண்டான்.

"இந்த மாதிரி ஆளுகள வாசப்படி ஏற விடாதீகக்கா. வீட்டுல மிலிட்டரிக்காரர் இருக்காரு, நீங்கதான் சூதானமா இருக்கணும்" என்று என்னிடம் சொன்னான்.

கம்பளிக்காரரைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போய், அன்று மாலையே விட்டுவிட்டார்கள். அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தார். அடுத்த வருடம் அவர் வரவில்லை.

மாடிக்காரனுக்கு முப்பது வயது இருக்கும். பக்கத்து ஊர்க்காரன்தான். எங்கள் பேச்சுதான் பேசுவான். ஏலக்காய் விலையை விவசாயிகளின் போனுக்கு அனுப்புகிற ஒரு கம்பெனிக்கு ஆபீஸ் வேண்டும் என்று கேட்டு வந்தான். போடியில் இதைவிட நம்பத் தகுந்த தொழில் வேறு என்ன இருக்கிறது? குடிவந்த மறுநாளிலிருந்து என் வீட்டுக்காரருக்கும் விலை மெசேஜ் வர ஆரம்பித்தது. ஜீப்பில் ஏறுகிற பெண்களுக்கெல்லாம் அதைப் படித்துக் காட்டுவார்.

முன்னறையில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர். உள்ளறை எப்போதும் பூட்டியிருக்கும். அவன் தினமும் வரமாட்டான். வந்தாலும் சற்று நேரம் இருந்துவிட்டுப் போய்விடுவான். ஆனால் அவன் இல்லாதபோதும் உள்ளே மின்விசிறிகள் ஓடும் சத்தம் கேட்கும். ஒன்றல்ல, பல விசிறிகள். மார்கழிக் குளிரில் தெருப் பூனைகள் மாடிக்குப் போய் அந்த உள்ளறைச் சுவரோடு ஒட்டிப் படுத்திருந்தன. சுவரில் கை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது.

"என்ன தம்பி, உள்ள அடுப்பா எரியுது?" என்று கேட்டேன்.

"சர்வருக்கா. சூடாகும். காத்து பட்டுக்கிட்டே இருக்கணும்."

சர்வர் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டித் தலையாட்டினேன். அதே சமயத்தில் எங்கள் தெருவில் போன் பேசுவது பெரும்பாடாகிவிட்டது. பேச்சு பாதியில் அறுந்துபோகும், வாசலைத் தாண்டிப் போனால்தான் லைன் கிடைக்கும். எல்லோரும் போன் கம்பெனியைத் திட்டினோம்.

ஒருநாள் பள்ளியில் பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒரு போன் வந்தது. சாதாரண பத்து இலக்க எண். பெண் குரல், தேன் மாதிரி.

"வணக்கம் அம்மா. ராணுவ வீரர்களின் குடும்ப நலப் பிரிவிலிருந்து பேசுகிறோம். உங்கள் மகனுக்கு ஒரு சலுகை அட்டை வந்திருக்கிறது" என்றாள். மகனின் பெயரைச் சரியாகச் சொன்னாள்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

"உங்கள் மகன் தற்போது எந்த முகாமில் பணிபுரிகிறார் என்று மட்டும் சொல்லுங்கள்."

அந்தத் தமிழ் என் காதில் உறுத்தியது. யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிப்பதுபோல் இருந்தது. நான் ஒன்று கேட்டால் பதில் வருவதற்கு முன் ஒரு சின்ன இடைவெளி. கிணற்றுக்குள் கல்லைப் போட்டுவிட்டுச் சத்தத்துக்குக் காத்திருப்பதுபோல.

"அவன் எங்க இருக்கான்னு ஒங்களுக்குத் தெரியாதாம்மா? நீங்கதான ராணுவம்?" என்றேன்.

இடைவெளி. பிறகு, "சரிபார்ப்பதற்காகத்தான் கேட்கிறோம் அம்மா."

போனை வைத்துவிட்டேன். உடனே இன்னொரு எண்ணிலிருந்து வந்தது. அதை எடுக்காமல் விட, வேறொரு எண்ணிலிருந்து வந்தது. போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். பக்கத்து வகுப்பு ஆசிரியை என்னவென்று கேட்டாள். கடன் கொடுக்கிற கம்பெனி என்று சொல்லிவிட்டேன். அவளிடம்கூட உண்மையைச் சொல்லத் தோன்றவில்லை.

மகன் பேசியபோது அவனிடம் சொன்னேன்.

"அம்மா, அந்த நம்பரெல்லாம் அழிச்சிராத. படம் பிடிச்சு எனக்கு அனுப்பு. வாட்ஸப்புல என் படத்த வச்சிருக்கியா?"

வைத்திருந்தேன். சீருடையில், பின்னால் பனிமலை தெரிய நிற்கிற படம். பார்க்கிறவர்களெல்லாம் பாராட்டுவார்கள்.

"இப்பவே எடுத்துரு" என்றான். அப்படியொரு குரலில் அவன் என்னிடம் பேசியதில்லை. பெயரும் அந்தப் படத்தின் கீழ் நான் எழுதியதிலிருந்துதான் போயிருக்கும் என்று பிறகு புரிந்தது.

அன்று சாயங்காலம் மாடிக்காரன் இறங்கி வந்தபோது பேச்சுவாக்கில் அவனிடமும் சொன்னேன்.

"தெனம் எத்தனையோ பேருக்கு இப்பிடி வருதுக்கா. பிளாக் பண்ணிட்டா முடிஞ்சுபோச்சு. போனக் கொண்டாங்க, நான் பண்ணித் தாரேன்" என்று கையை நீட்டினான்.

நான் போனைக் கொடுக்கவில்லை. ஏன் என்று இன்றும் தெரியாது. "பரவாயில்ல தம்பி, அவரு பாத்துக்கிருவாரு" என்றேன். நீட்டிய கையை அவன் மெதுவாக மடக்கிச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். அன்றிலிருந்து அவன் என்னிடம் அதிகம் பேசவில்லை.

மகன் அந்த எண்களைத் தன் மேலதிகாரியிடம் கொடுத்தான். அதன் பிறகு என்ன நடந்தது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் எங்கள் தெருவில் ஒரு ஆணும் பெண்ணும் நடமாட ஆரம்பித்தார்கள். கேபிள் கணக்கெடுப்பு என்றார்கள். ஆனால் எந்த வீட்டிலும் டிவியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் தோள்பையிலிருந்து சின்னக் கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. தெரு முனையில் நிற்பார்கள், நடப்பார்கள், மறுபடி நிற்பார்கள். மறுநாளும் வந்தார்கள்.

தெரு கூடிவிட்டது. "பையத் தொறந்து காட்டு" என்று ஒருவர் அதட்டினார். கம்பளிக்காரருக்கு நடந்ததுதான் இவர்களுக்கும் நடக்கப்போகிறது என்று நினைத்தேன். அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் ஜீப்பில் வந்து இறங்கினார். அந்தப் பெண் அவரை ஜீப்புக்கு மறுபக்கம் கூட்டிப்போய் எதையோ காட்டி, தணிந்த குரலில் பேசினாள். திரும்பி வந்த அவர் முகம் வெளுத்திருந்தது.

"விடுங்கப்பா. கணக்கெடுக்க வந்தவகதான். எனக்குத் தெரிஞ்சவக" என்றார்.

வீட்டுக்குள் வந்ததும் கேட்டேன். "யாருங்க அவுக? ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அதான் சொன்னேன்ல. கணக்கெடுக்குற ஆளுக." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் வேறு ஆளாகிவிட்டார். போன் வந்தால் எழுந்து கொல்லைப்பக்கம் போவார். நான் போனால் பேச்சை நிறுத்துவார். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கிறேன் என்று அடிக்கடி மாடிக்குப் போவார், தொட்டி நிறைந்துதான் இருக்கும். சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருப்பார். ஒருமுறை நான் மாடிக்காரனோடு வாசலில் நின்று பேசிவிட்டு உள்ளே வந்தபோது, "என்ன பேசுன அவன்ட்ட?" என்று கேட்டார். "வாடகை ரெண்டு நாளாகும்னு சொன்னான்" என்றேன். "வேற?" என்றார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் என்னிடம் அந்த மாதிரி 'வேற?' கேட்டதில்லை.

மெட்டுச் சாவடியில் கஞ்சாவோடு ஒரு ஜீப்பைப் பிடித்தார்கள் என்று அந்த வாரம்தான் பேச்சு அடிபட்டது. என் மனசு அங்கே போய் நின்றுகொண்டது. இவர் தினமும் கேரள எல்லை தாண்டிப் போய் வருகிறார். யாரோ எதையோ கொடுத்து அனுப்புகிறார்களா? அந்தப் பெண் காட்டியது என்ன? அவர் குளிக்கப் போயிருந்தபோது ஜீப்புக்குள் ஏறித் தேடினேன். சீட்டுக்கு அடியில் கிழிந்த சாக்கு, ஒரு ஸ்பேனர், தோட்டத்துப் பெண் யாரோ தவறவிட்ட சீப்பு. வேறு எதுவும் இல்லை. இல்லாததும் எனக்கு நிம்மதி தரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாடிக்காரன் பைக்கை நிறுத்திவிட்டு மேலே ஏறிப் போனான். அவன் பின்னாலேயே இரண்டு வண்டிகள் வந்து நின்றன. கேபிள் கணக்கெடுக்க வந்த அதே பெண் நேராக என் அடுப்படிக்கு வந்தாள். இப்போது அவள் பேச்சில் அதிகாரம் இருந்தது.

"டீச்சர், அடுப்ப அணைச்சிட்டு இங்கயே உக்காருங்க. போனக் குடுங்க."

மேலே கதவை உடைக்கும் சத்தம் கேட்டது. யாரோ ஓடினார்கள், யாரோ விழுந்தார்கள். என் வீட்டுக்காரர் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் திடுக்கிடவில்லை. அவருக்கு இது முன்பே தெரியும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கொஞ்ச நேரம் கழித்து என்னை மேலே கூட்டிப்போனார்கள். உள்ளறைக்குள் கால் வைத்ததும் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோருக்குள் நுழைந்தது போல அனல் அடித்தது. ஜன்னல்களை வெள்ளித்தாள் ஒட்டி மூடியிருந்தான். இரும்பு அலமாரியில் செருப்புப் பெட்டி அளவில் கறுப்புப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் சின்னச் சின்னக் கம்பிகள் நெருக்கமாக நட்டு நின்றன. பச்சை விளக்குகள் விட்டு விட்டு எரிந்தன. சுற்றிலும் மேசை விசிறிகள். தரையில் ஒரு பிளாஸ்டிக் வாளி நிறைய சிம் கார்டுகள். என் மருமகள் வந்து வாழ வேண்டிய அறை அது.

"இது என்னம்மா?" என்று அந்தப் பெண் அதிகாரியிடம் கேட்டேன்.

"வெளிநாட்டுல இருந்து வர்ற போன உள்ளூர்ல இருந்து வர்ற மாதிரி மாத்தி விடுற பெட்டி. எடுக்குறவங்களுக்குச் சாதாரண நம்பர்தான் தெரியும். எங்களால ஆளத் தேட முடியாது. ஒரே எடத்துல இத்தனை சிம் ஓடுறதாலதான் உங்க தெருவுல லைன் கிடைக்கல. காசுக்கு ஏமாத்துறவனும் இதுல பேசுவான், குண்டு வைக்கிறவனும் பேசுவான், எதிரி நாட்டு உளவாளியும் பேசுவான்" என்றாள்.

"அப்ப எனக்கு வந்த போனு... இதுவழியாத்தான் வந்துச்சா?"

"சொல்ல முடியாது டீச்சர். இது மாதிரி இன்னும் எத்தனை வீட்டுல இருக்குன்னே எங்களுக்குத் தெரியல."

இன்றுவரை அதற்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை. என் தலைக்கு மேலிருந்த அறை வழியாகவே என் மகனைத் தேடினார்களா, இல்லையா?

மாடிக்காரனைப் படிக்கட்டில் உட்கார வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அழுதான். "சத்தியமா எனக்கு எதுவும் தெரியாதுக்கா. பெட்டி வந்துச்சு, மாட்டச் சொன்னாங்க, மாட்டுனேன். சிம்ம மாத்திக்கிட்டே இருக்கச் சொன்னாங்க. அந்த ஆளுகள நான் கண்ணுலகூடப் பாத்ததில்லக்கா, எல்லாம் போன்லதான்." அவன் சொன்னது உண்மையாக இருக்கலாம். ஆனால் என் போனை வாங்க நீண்ட அந்தக் கை என் கண்ணை விட்டுப் போகவில்லை. நான் இறங்கிவிட்டேன்.

எங்களைத் தேனிக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் கேள்விகள் எங்கே போகின்றன என்று போகப் போகத் தெரிந்தது. மகன் ராணுவத்தில் இருப்பது மாடிக்காரனுக்கு எப்போது தெரியும்? மகன் எப்போதாவது மாடிக்காரனோடு பேசியிருக்கிறானா? இந்த வீட்டை அவனுக்குச் சொல்லிவிட்டது மகனா?

"ஐயா, அந்த நம்பர்களக் குடுத்ததே எம் மகன்தான்" என்றேன்.

"தெரியும்மா. எல்லாத்தையும் கேட்டாகணும்ல" என்றார் எங்களை விசாரித்த அதிகாரி.

போடிக்குத் திரும்பினோம். வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்ட பிறகு நான்தான் ஆரம்பித்தேன்.

"ஒங்களுக்கு அன்னைக்கே தெரியும். ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னுட்டாக."

"நான் ஒங்க பொண்டாட்டி."

"இந்தா பாரு. வாடகைக்கு விட்டது யாருன்னு கேட்டாக, எம் வீட்டுலன்னேன். அவன்ட்ட அதிகமாப் பேசுறது யாருன்னாக, எம் வீட்டுலதான்னேன். அப்ப அவுககிட்ட மூச்சு விடாதீகன்னாக. நான் என்ன செய்ய?"

"அவுக என்ன சொன்னாகன்னு நான் கேக்கல. நீங்க என்னச் சந்தேகப்பட்டீகளா?"

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே நின்றார். இல்லை என்று உடனே சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

"ரெண்டொரு நாளு இருந்துச்சு" என்றார். "தப்புன்னு தெரிஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு."

பிறகு நான் சொன்னேன். "நானும் ஒங்க ஜீப்புல ஏறித் தேடுனேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். "என்ன தேடுன?"

"கஞ்சா."

"கெடச்சுச்சா?"

"ஒரு சீப்பு கெடச்சுச்சு."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகு அவர் போய்ப் படுத்துவிட்டார். நான் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

அதைவிடப் பெரிய அடி பிறகு வந்தது. யாரோ ஒருவருடைய போனிலிருந்து மகன் பேசினான். அவனை அவன் இருந்த மலைமேல் முகாமிலிருந்து கீழே அனுப்பிவிட்டார்கள், போனை வாங்கி வைத்திருக்கிறார்கள். "விசாரிக்கிறாகம்மா. ஒண்ணும் ஆகாது. நீ யார்ட்டயும் எதுவும் பேசாத" என்றான். தொலைக்காட்சியில் எங்கள் வீட்டைக் காட்டினார்கள். பெயர் சொல்லவில்லை என்றாலும் கதவின் பச்சை நிறம் போடியில் எல்லோருக்கும் தெரியும். பெண் கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்த குடும்பம் பேச்சை நிறுத்திவிட்டது. பள்ளியில் நான் ஓய்வறைக்குள் நுழைந்தால் பேச்சுத் தாழ்ந்தது. ஜீப்பில் வந்துகொண்டிருந்த பெண்களில் சிலர் வேறு ஜீப்புக்கு மாறினார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கம்பளிக்காரர் மூட்டையை அவிழ்த்தபோது நானும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கோடை மழை தொடங்குகிற சமயத்தில் மகன் மேல் தவறில்லை என்று முடிவு செய்து அவனைப் பழைய வேலைக்கே அனுப்பினார்கள். அந்த எண்களைக் கொடுத்ததற்குப் பாராட்டியதாகவும் சொன்னான். அதற்குப் பிறகுதான் அவனுக்கு லீவு கிடைத்தது.

சென்னையிலிருந்து ரயிலில் போடிக்கு வந்து இறங்கினான். இளைத்திருந்தான். வீட்டுக்கு வந்து காபி குடித்ததும் மாடிக்குப் போனான். காலியாகக் கிடந்த உள்ளறையில் நின்று, ஜன்னல் கண்ணாடியில் உரியாமல் ஒட்டிக்கிடந்த வெள்ளித்தாளை நகத்தால் சுரண்டினான்.

"எப்பிடிம்மா அவன நம்புன?"

"ஒன் வயசுக்காரன். நம்ம பேச்சுப் பேசுனான்" என்றேன்.

"பேச்ச வச்சு நம்பாதம்மா. இப்ப மெசினே பேசுது. நாளைக்கு எங்குரல்லயே ஒனக்குப் போன் வரும். அம்மான்னு கூப்புடும். நீ அழுதுருவ. அழுதுட்டு எல்லாத்தையும் சொல்லிருவ."

நான் நம்பவில்லை. அவன் தன் போனில் எதையோ தட்டி, என் பழைய பேச்சிலிருந்து என் குரலை எடுத்து, நான் சொல்லவே சொல்லாத ஒரு வாக்கியத்தை எனக்குப் போட்டுக் காட்டினான். "அப்பு, வெரசா வீட்டுக்கு வா" என்று நான் சொன்னேன். அப்படியே என் குரல். என் வீட்டுக்காரர் கீழேயிருந்து, "யாரக் கூப்புடுற?" என்று கேட்டார்.

அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து ஒரு சொல்லை முடிவு செய்தோம். முக்கியமான எதையாவது கேட்பதற்கு முன் அந்தச் சொல்லைக் கேட்க வேண்டும், சொல்லாவிட்டால் போனை வைத்துவிட வேண்டும். அதை இங்கே எழுத மாட்டேன். எங்கே இருக்கிறாய் என்று இனிமேல் அவனை எப்போதும் கேட்கக் கூடாது என்றும் சொன்னான். சரி என்றோம்.

லீவு முடிந்து போய்ச் சேர்ந்தபின் அவன் முதல்முறை பேசியது ஒரு சாயங்காலம். புது எண்ணாக இருந்தது. "அம்மா, பழைய போனு கெட்டுப்போச்சு. இதுதான் இனிமே என் நம்பரு" என்றான். அவன் குரல்தான். இருமலும் அவன் இருமல்தான்.

"அந்த வார்த்தையச் சொல்லு" என்றேன்.

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. லைன் மோசமா, யோசிக்கிறானா, அவன்தானா என்று தெரியவில்லை. அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, பெற்ற பிள்ளையின் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுப் பயந்தேன். என் வீட்டுக்காரர் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார்.

பிறகு அவன் அந்தச் சொல்லைச் சொன்னான். சாப்பிட்டாயா என்று கேட்டேன்.